வொர்ப்பிள் சாலைப் புல்தரையில்

நுழையும்முன்

விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் பெயர்ப்பட்டியலாகவே நம்மை வந்தடைகிறது. விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் பட்டியலில் 1919ஆம் ஆண்டு மகளிர் ஒற்றையர் ஆட்டத்திற்கு உரிய இடம் ஒரேயொரு வரிதான். அந்த வரிக்குப் பின்னே ஒரு பெரும்போரும் ஒரு பழைய விதியும் இருபது வயது இடைவெளியில் நின்ற இரண்டு பெண்களும் இருக்கின்றனர். அந்த ஆட்டத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புல்லும் பந்தும்

டென்னிஸ் இன்று செம்மண் தரையிலும் சிமெண்டுத் தளத்திலும் செயற்கைத் தளங்களிலும் ஆடப்படுகிறது. தொடக்கத்தில் அது புல்தரைக்கு உரிய ஆட்டமாகவே இருந்தது. மன்னர்களும் பிரபுக்களும் மூடிய கட்டடங்களுக்குள் ஆடிவந்த பழைய பந்தாட்டம் ஒன்று 1870களில் இங்கிலாந்தின் தோட்டங்களுக்கு இடம்பெயர்ந்தபோது இன்றைய டென்னிஸ் பிறந்தது. வால்டர் விங்ஃபீல்டு என்னும் படை அதிகாரி 1874இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்த இடப்பெயர்ச்சி ஏன் அதற்கு முந்தைய நூற்றாண்டில் நிகழவில்லை? விடை இரண்டு கண்டுபிடிப்புகளில் இருக்கிறது. பழைய பந்துகள் துணியையும் மயிரையும் திணித்துச் செய்யப்பட்டவை. கல்தளத்தில் எழும்பும், புல்லில் எழும்பா. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இரப்பர் வந்த பின்னரே புல்லிலும் துள்ளி எழும் பந்து கிடைத்தது. மற்றொன்று புல்வெட்டும் எந்திரம். எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர் 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நெசவாலையில் கம்பளித் துணியின் மேற்பரப்பில் நீட்டி நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் எந்திரத்தைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பர். அரிவாள் கொண்டு எத்துணைத் திறமையாக அறுத்தாலும் புல்தரை மேடும் பள்ளமுமாகவே இருக்கும். எந்திரம் அதனைக் கம்பளம்போல் ஆக்கியது. துணி ஆலையின் கருவி ஒன்று ஒரு விளையாட்டுக்கு வழியமைத்தது வியப்புக்குரிய செய்தியே.

புல்தரைக்குத் தனி இயல்புண்டு. அதில் விழும் பந்து உயர எழும்பாது. வழுக்கிக்கொண்டு தாழ்வாகவும் விரைவாகவும் வரும். செம்மண் தரையில் பந்தின் வேகம் மட்டுப்பட்டு, இடுப்பளவுக்கோ அதற்கு மேலோ எழும்பும். எனவே செம்மண்ணில் பயின்றவர் புல்லில் ஆடும்போது முழங்காலை மடக்கிக் குனியவும் நொடிப்பொழுதில் முடிவெடுக்கவும் பழகியாக வேண்டும். புல் உயிருள்ள தளமும் ஆகும். மழை பெய்தால் வழுக்கும். வெயில் காய்ந்தால் இறுகும். வீரர்களின் கால்கள் மிகுதியாகப் படும் இடங்களில் நாளடைவில் தேய்ந்து மண் தெரியும். போட்டியின் முதல் நாளில் இருந்த ஆடுகளம் இறுதி நாளில் இருப்பதில்லை.

மட்டக்குதிரை இழுத்த உருளை

இலண்டனின் தென்மேற்கே உள்ள விம்பிள்டனில், வொர்ப்பிள் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஏக்கர் பரப்பில் ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தது. மரச்சுத்தியால் பந்தைத் தட்டி வளையங்களின் ஊடே செலுத்தும் குரோக்கே என்னும் ஆட்டத்திற்காக 1868இல் அது தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் டென்னிசும் அங்கே இடம்பெற்றது. புல்தரையைச் சமன்செய்ய மட்டக்குதிரை இழுக்கும் பெரிய உருளை ஒன்றைக் கழகம் வைத்திருந்தது. அது பழுதடைந்தபோது செப்பனிடப் பணம் இல்லாமையால் ஒரு போட்டி நடத்திப் பொருள் திரட்ட முடிவு செய்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அவ்வாறு 1877இல் முதல் விம்பிள்டன் போட்டி நடைபெற்றது. ஆடவர் 22 பேர் பெயர் கொடுத்தனர். ஸ்பென்சர் கோர் வென்றார். இறுதியாட்டத்தை ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்திச் சுமார் 200 பேர் கண்டனர். மகளிர்க்கான போட்டி ஏழாண்டுகள் கழித்து 1884இல்தான் தொடங்கியது. 13 பேர் பங்கேற்ற அப்போட்டியில் மாட் வாட்சன் தம் தமக்கை லிலியனை வீழ்த்தி முதல் வாகையர் ஆனார்.

வொர்ப்பிள் சாலையில் முதன்மையான ஆடுகளம் மற்ற களங்களுக்கு நடுவே அமைந்திருந்தது. அதனால் அதற்கு நடுக்களம் என்னும் பொருளில் சென்டர் கோர்ட் என்று பெயர் வழங்கியது. பின்னர்க் கழகம் வேறிடத்திற்குப் பெயர்ந்தபோது பெயரும் உடன் சென்றது. புதிய இடத்தில் அக்களம் தொடக்கத்தில் நடுவில் இல்லை எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

காத்திருக்கும் வாகையர்

அக்காலப் போட்டியின் விதி ஒன்றை அறிந்தால்தான் 1919ஆம் ஆண்டு ஆட்டத்தின் தன்மை விளங்கும். அதற்கு அறைகூவல் சுற்று என்று பெயர். முந்தைய ஆண்டு வென்றவர் மறு ஆண்டில் தொடக்கச் சுற்றுகள் எவற்றிலும் ஆட வேண்டியதில்லை. பிறர் அனைவரும் தமக்குள் மோதி ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். அவர் வந்து வாகையரை அறைகூவி அழைக்க, அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் வாகையர் ஆடுவார். பட்டத்தைக் காப்பவருக்கு இது பெரிய சலுகைபோல் தோன்றும்; எதிராளி பல ஆட்டங்கள் ஆடிக் களைத்து வர, இவர் ஓய்வுடன் நிற்பார். ஆயினும் அந்த ஓய்வுக்கு ஒரு விலையும் உண்டு. எதிராளிக்கு ஆடுகளத்தின் அப்போதைய நிலை கைவந்திருக்கும். காத்திருந்தவருக்கோ அதுவே முதல் ஆட்டம். இவ்விதி 1922இல் நீக்கப்பட்டது.

1919இல் அவ்வாறு காத்திருந்தவர் டோரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ். 1878இல் பிறந்த இவர் இலண்டனை அடுத்த ஈலிங் பகுதியில் இருந்த திருச்சபைக் குரு ஒருவரின் மகள். 1903, 1904, 1906, 1910, 1911, 1913, 1914 என ஏழு முறை விம்பிள்டனில் வாகை சூடியவர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றவர். 1911ஆம் ஆண்டு அறைகூவல் சுற்றில் எதிராளிக்கு ஒரு கேம்கூட விட்டுக்கொடுக்காமல் 6–0, 6–0 என வென்றவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின்னும் பட்டத்தை மீட்டவர்.

1914இல் பட்டம் பெற்ற சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டது. 1915 முதல் 1918 வரை நான்கு ஆண்டுகள் விம்பிள்டன் நடைபெறவில்லை. 1910 முதல் 1913 வரை தொடர்ந்து நான்கு முறை ஆடவர் பட்டம் வென்ற நியூசிலாந்து வீரர் ஆண்டனி வைல்டிங் 1915 மே மாதம் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். போட்டி மீண்டும் தொடங்கிய 1919இல் சேம்பர்சுக்கு வயது 40. முப்பத்தைந்தாம் வயதில் பெற்ற பட்டத்தை ஐந்தாண்டு கழித்துக் காக்க வேண்டிய நிலை அவருக்கு.

கைக்குட்டை வைத்துக் கற்றவர்

அறைகூவ வந்தவர் பிரான்சு நாட்டின் சூசன் லெங்லென். 1899இல் பிறந்தவர்; வயது 20. சிறுமியாக இருந்தபோது ஈளைநோயால் துன்புற்ற இவருக்கு, உடல் தேறட்டும் என்று தந்தை சார்ல்ஸ் லெங்லென் ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தார். மகளின் கைத்திறனைக் கண்டபின் பயிற்சி கடுமையாயிற்று. ஆடுகளத்தின் பல இடங்களில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் பந்தை விழச் செய்யப் பழக்கினார். அக்காலப் பெண்கள் பெரும்பாலும் பின்னெல்லையில் நின்றே ஆடினர். தந்தையோ ஆடவர் ஆட்டங்களை உற்றுநோக்கி, தலைக்குமேல் ஓங்கி வீசும் சர்வீசையும், பந்து தரையைத் தொடுமுன் வலையருகே விரைந்து வந்து அடிக்கும் முறையையும் மகளுக்குக் கற்பித்தார். பதினைந்தாம் வயதில், 1914இல், செம்மண் தரையில் ஆடப்பட்ட உலகப் போட்டி ஒன்றில் லெங்லென் வாகை சூடினார்.

பின்பு அவருக்கும் போர் குறுக்கிட்டது. 1919இல் விம்பிள்டனுக்கு வந்தபோதுதான் அவர் முதன்முறையாகப் புல்தரைப் போட்டியில் ஆடினார். புல்லுக்குப் பழகக் காலம் வேண்டும் என்று எண்ணியோர் வியப்படைந்தனர். 1912ஆம் ஆண்டின் வாகையரான ஈதல் லார்கோம் அவரிடம் எளிதில் தோற்றார். அறைகூவுபவரைத் தேர்ந்தெடுக்கும் கடைசி ஆட்டத்தில் ஃபிலிஸ் சாட்டர்த்வெயிட்டை 6–1, 6–1 என வென்று லெங்லென் சேம்பர்சின் முன் வந்து நின்றார். போட்டி நடந்துகொண்டிருந்த அதே நாள்களில், ஜூன் 28 அன்று, வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. போரில் உற்றாரை இழந்த மக்கள் மீண்டும் ஒரு கோடைகால ஆட்டத்தைக் காண அமர்ந்திருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

டென்னிசில் புள்ளிகள் 15, 30, 40 என எண்ணப்படும். 40க்குப் பின் ஒரு புள்ளி பெற்றால் ஒரு கேம். இருவரும் 40இல் சமமாக நின்றால் இரண்டு புள்ளிகள் தொடர்ந்து பெற வேண்டும். ஆறு கேம்களை முதலில் வெல்பவருக்கு ஒரு செட். ஆனால் இரண்டு கேம் முன்னிலை வேண்டும். மகளிர் ஆட்டத்தில் மூன்று செட்களுள் இரண்டை வெல்பவர் வெற்றியாளர். செட்டை விரைந்து முடிக்கும் டை–பிரேக் முறை விம்பிள்டனில் 1971இல்தான் அறிமுகமாயிற்று. அதற்கு முன் இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும்வரை ஆட்டம் நீண்டுகொண்டே செல்லும்.

நாற்பத்து நான்கு கேம்கள்

ஜூலைத் திங்களின் தொடக்கத்தில் அறைகூவல் சுற்று நடைபெற்றது. ஏறத்தாழ 8,000 பேர் நடுக்களத்தைச் சூழ்ந்திருந்தனர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசியார் மேரியும் வந்திருந்தனர்.

களத்தில் இறங்கிய இருவரின் தோற்றமே ஒரு நூற்றாண்டின் மாற்றத்தைச் சொன்னது. சேம்பர்ஸ் மணிக்கட்டுவரை நீண்ட கையுடைய மேற்சட்டையும் கணுக்காலை எட்டும் பாவாடையும் அணிந்திருந்தார். லெங்லென் அணிந்திருந்தது முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்ட கையும் கெண்டைக்காலளவே தொங்கிய மடிப்புப் பாவாடையும் கொண்ட மெல்லிய வெள்ளாடை. அன்றைய பெண்கள் உடலை இறுக்கக் கட்டிய கச்சையையும் அடுக்கடுக்கான உட்பாவாடைகளையும் அவர் விலக்கியிருந்தார். பார்வையாளர் சிலர் அதனை நாணமின்மை என்றே கருதினர்.

முதல் செட்டிலேயே இது எளிதில் முடியும் ஆட்டம் அன்று என்பது தெரிந்தது. செட்டை முடிக்கும் வாய்ப்புகள் இருவருக்கும் வந்தன; இருவரும் தவறவிட்டனர். பதினெட்டாவது கேமில் லெங்லென் அதனை 10–8 எனக் கைப்பற்றினார். இரண்டாம் செட்டைச் சேம்பர்ஸ் 6–4 என வென்று சமன்செய்தார். இடையிடையே லெங்லென் சோர்வுற்றபோது, பார்வையாளர் பகுதியில் அமர்ந்திருந்த தந்தை பிராந்தியில் தோய்த்த சர்க்கரைக் கட்டிகளை வீச, அவற்றை உண்டு தெம்பு பெற்றார்.

மூன்றாம் செட்டில் லெங்லென் 4–1 என முன்னேறினார். நாற்பது வயதுடைய ஒருவர், இரண்டு நீண்ட செட்களை ஆடி முடித்த நிலையில், இந்த இடத்தில் தளர்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். சேம்பர்ஸ் தளரவில்லை. அடுத்த மூன்று கேம்களையும் வென்று 4–4 ஆக்கினார். பின்னர் 6–5 என முன்னிலை பெற்றார். பன்னிரண்டாவது கேமில் புள்ளிக்கணக்கு அவருக்குச் சாதகமாக 40–15 என நின்றது. இன்னும் ஒரே ஒரு புள்ளி. எட்டாவது பட்டம் அவருடையது. அந்த ஒரு புள்ளியைப் பெற அவருக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன.

முதல் வாய்ப்பில் லெங்லென் பந்தை எட்டிப் பிடித்ததே அரிது. பந்து மட்டையின் நரம்பில் படாமல் மரச்சட்டத்தில் பட்டது. இலக்கின்றித் தெறித்த அது வலையின் மேல்விளிம்பில் இடித்து, ஒரு கணம் எப்பக்கம் விழுவது என்று ஐயுற்றதுபோல் நின்று, சேம்பர்சின் பக்கம் உருண்டு விழுந்தது. ஓடி எடுக்கக் கூடியதன்று அது. இரண்டாவது வாய்ப்பைப் பறித்தது நற்பேறன்று. லெங்லென் எல்லைக்கோட்டை ஒட்டி அடித்த தூய பின்கை அடி. முதல் அடியை மட்டும் நினைவில் வைத்து இந்த ஆட்டத்தை நற்பேற்றின் வெற்றி என்போர் இரண்டாவது அடியை மறந்துவிடுகின்றனர்.

கேமும் கைமாறியது. 6–6 ஆன பின்னும் சேம்பர்ஸ் மேலும் ஒரு கேமை வென்றே தோற்றார். லெங்லென் 10–8, 4–6, 9–7 என வெற்றி பெற்றார். மொத்தம் ஆடிய 44 கேம்களில் லெங்லென் வென்றவை 23. சேம்பர்ஸ் வென்றவை 21. மகளிர் இறுதியாட்டத்தில் இவ்வெண்ணிக்கையை மிஞ்ச ஐம்பத்தோராண்டுகள் ஆயின. 1970இல் மார்கரெட் கோர்ட், பில்லி ஜீன் கிங் ஆகியோர் 46 கேம்கள் ஆடினர்.

ஆடை வென்றதா?

இந்த ஆட்டத்தைக் குறித்து எழுதுவோர் பலரும் ஒரு கதையை எளிதாகச் சொல்லிவிடுகின்றனர்: பழைய ஆடையில் பழைய காலம் தோற்றது; புதிய ஆடையில் புதிய காலம் வென்றது. கேட்க நயமாக இருக்கும் இக்கூற்றை அப்படியே ஏற்பது சேம்பர்சுக்கு நீதி செய்வதாகாது.

அவர் பழமையில் தேங்கியவர் அல்லர். 1910இல் மகளிர்க்கான டென்னிஸ் நூல் ஒன்றை எழுதினார். விளையாட்டு பெண்களின் உடலுக்கும் இயல்புக்கும் ஒவ்வாதது என்று பேசப்பட்ட காலம் அது. அந்நூலில் பெண்கள் ஆடுவதற்காக அவர் வாதிட்டார். தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் உயர்ந்து நிற்கும் எளிய பாவாடையே ஆட்டத்திற்கு ஏற்றது என அறிவுறுத்தினார். மண்ணைக் கூட்டிச் செல்லும் பாவாடைகளுடன் பெண்கள் ஆடிய தலைமுறையை அடுத்து வந்தவருக்கு அந்த நான்கைந்து அங்குலமும் ஒரு விடுதலையே. அவர் உயர்த்திய அளவிலிருந்துதான் லெங்லென் மேலும் உயர்த்தினார்.

லெங்லென் ஆடையைக் குறைத்ததற்கும் ஆட்டமே காரணம். பாய்ந்தும் துள்ளியும் வலையை நோக்கி ஓடியும் ஆடுமாறு பயின்ற கால்களுக்கு நீண்ட பாவாடை பொருந்தாது. அவரது வெற்றியின் வேர், கைக்குட்டைமேல் ஆயிரமாயிரம் முறை பந்தை வீழ்த்திய சிறுவயதுப் பயிற்சியில் இருக்கிறது. ஆடையின் பங்கும் இல்லாமலில்லை. இரண்டு கேம் வேறுபாட்டில் முடிந்த ஓர் ஆட்டத்தில், நீண்ட பாவாடையின் சுமையும் இருபது ஆண்டு வயதும் காத்திருந்தவருக்கு வாய்க்காத ஆட்டப்பழக்கமும் ஒவ்வொன்றும் எவ்வளவு பறித்தன என்று பிரித்தளக்கும் கருவி நம்மிடம் இல்லை. தமக்குச் சாதகமாக எதுவும் இல்லாத நாளில் ஒரு புள்ளி தொலைவுவரை சேம்பர்ஸ் வந்தார் என்பதை எண்கள் சொல்கின்றன.

அதன் பின்னர்

லெங்லென் 1919 முதல் 1923 வரை தொடர்ந்தும் 1925இலும் விம்பிள்டனை வென்றார். அவர் ஆட்டத்தைக் காண மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். வொர்ப்பிள் சாலையின் நான்கு ஏக்கர் போதாதாயிற்று. 1922இல் சர்ச் சாலையில் அமைத்த பெரிய களத்தை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். அவ்வாண்டுப் போட்டியில் மழை மிகுதியாகக் குறுக்கிட்டது. 1926இல் லெங்லென் ஊதியம் பெற்று ஆடுபவராக மாறினார். அக்காலப் போட்டிகள் ஊதியமின்றி ஆடுவோருக்கே உரியவை ஆகையால் விம்பிள்டன் அவருக்கு மூடப்பட்டது. அவ்விதி தளர 1968 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லெங்லென் 1938இல் கடும் சோகைநோயால் 39ஆம் வயதில் மறைந்தார்.

சேம்பர்ஸ் தோல்வியுடன் ஒதுங்கிவிடவில்லை. அடுத்த ஆண்டு அறைகூவுவது அவர் முறை. நாற்பத்தொன்றாம் வயதில் தொடக்கச் சுற்றுகள் அனைத்தையும் ஆடி வென்று, மீண்டும் லெங்லென் முன் நின்றார். இம்முறை 3–6, 0–6 எனத் தோற்றார். பிரிட்டன், அமெரிக்க நாடுகளின் மகளிர் அணிகள் மோதிவந்த வைட்மன் கோப்பையில் 1925இல் நாட்டுக்காக ஆடினார். அப்போது அவர் வயது 46. தம் ஒற்றையர் ஆட்டத்தில் அமெரிக்க வீராங்கனையை வென்றார். பின்னர்ப் பயிற்றுநராகப் பணியாற்றி 1960இல் மறைந்தார்.

வொர்ப்பிள் சாலைக் களம் அழிந்துவிடவில்லை. இருப்புப்பாதையை ஒட்டிய அந்தப் பசும்புல் நிலம் இன்று பெண்கள் பள்ளி ஒன்றின் விளையாட்டுத்திடல். சேம்பர்சும் லெங்லெனும் ஓடிய இடத்தில் பதின்பருவ மாணவியர் அரைக்காற்சட்டை அணிந்து ஆடுகின்றனர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் ஆடப்படும் விளையாட்டு ஒன்றன் விதி காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பதை மூத்தோரிடம் கேட்டு எழுதுக.

2. "அறைகூவல் சுற்று வாகையருக்குச் சலுகையா, இடையூறா?" – வகுப்பறையில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. மூன்றாம் செட்டின் பன்னிரண்டாவது கேமை, களத்தில் அமர்ந்து காணும் வானொலி வருணனையாளர் கூறுவதுபோல் ஒரு பக்க அளவில் எழுதுக.